இடது பக்கமாகப் போன பந்து

ஐம்பது வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் அணியின் வரலாற்றை, 'தோல்வி' என்ற சொல்லே வராமல், சீசன் வாரியாக எழுதித் தர வேண்டும் என்று ஜூனியர் பாஸ்கம் என்னிடம் கேட்டபோது நான் மறுத்திருக்கலாம். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் நான் விளையாட்டுப் பக்கம் எழுதிய பத்திரிகையை மூடிவிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் இப்போது உடற்பயிற்சிக் கூடம் நடக்கிறது. என் மேசை இருந்த மூலையில் யாரோ ஒருவர் எங்கேயும் போகாத சைக்கிளை மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருக்கிறார். நானும் ஏறக்குறைய அதே தொழிலைத்தான் செய்துவந்தேன் என்பதால் எனக்கு வருத்தமில்லை. சரி என்றேன்.

ஜூனியருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. தலையில் முடி கொட்டி, இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் முடித்த பிறகும் ஊருக்கு அவர் ஜூனியர்தான். அவருடைய அப்பா லைமன் பாஸ்கம் மெத்தை செய்து பணக்காரரானவர். 1974-இல் அவர் எங்கள் போர்ட் ஹார்லனுக்கு பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு தொழில்முறை அணியைக் கொண்டுவந்தார். ஈரி ஏரிக்கரை ஊர், கப்பல்துறை ஊர் என்பதால் ஆங்கர்ஸ், அதாவது நங்கூரங்கள், என்று பெயர் வைத்தார். நங்கூரத்தின் வேலை என்ன? நேராக அடிக்குப் போய் அங்கேயே கிடப்பது. பெயருக்கு இவ்வளவு விசுவாசமாக நடந்துகொண்ட அணி இந்த நாட்டில் வேறு கிடையாது.

ஜூனியரின் அலுவலகம் மைதானத்தின் உச்சியில், ஒரு கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்தது. ஒவ்வொரு சீசனையும் எழுதிக்கொண்டு போய் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். மெத்தைக்குப் பஞ்சு அடைப்பதுபோல ஒவ்வொரு வாக்கியத்திலும் அவர் கொஞ்சம் அடைத்துத் தருவார். முதல் சீசனில் பதினான்கு ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் வென்றோம் என்று நான் எழுதியிருந்தேன். 'முதல் ஆண்டிலேயே வெற்றிக் கணக்கைத் தொடங்கினோம்' என்று மாற்றினார். 1977-இல் அந்த ஒன்றும் கிடைக்கவில்லை. 'வெளியூர் அணிகள் எங்கள் விருந்தோம்பலை இன்றும் நினைவுகூர்கின்றன' என்று அந்த சீசன் அச்சாகியிருக்கிறது. 1981-இல் ஒரு பயிற்சியாளர் இடைவேளையில் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டாக்சி பிடித்து விமான நிலையத்துக்குப் போய்விட்டார். அதற்கு என்ன எழுதலாம் என்று ஜூனியர் ஒரு மதியம் முழுவதும் யோசித்தார். கடைசியில், 'இந்த ஆண்டு அணியின் தலைமையில் புத்துணர்ச்சி ஏற்பட்டது' என்று முடிவானது.

1987 எனக்குப் பிடித்த சீசன். வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று வாரம் கையில் கிடைத்தவர்களை வைத்து ஆட்டம் நடந்தது. ரொட்டி வண்டி ஓட்டுகிற ஒருவர் பந்தை எறிந்தார். சிறைக் காவலர்கள் இரண்டு பேர் அவருக்குப் பாதுகாப்பாக முன்னால் நின்றார்கள். மூன்றில் இரண்டு ஆட்டத்தை வென்றோம். பிறகு வேலைநிறுத்தம் முடிந்து நிஜ வீரர்கள் திரும்பி வந்தார்கள், நிலைமை சீரடைந்தது, மிச்சமிருந்த எல்லா ஆட்டத்திலும் தோற்றோம்.

அதற்கு அடுத்த சீசன்தான் ஊர் மறக்காத சீசன். எப்படி நடந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, ஆனால் நாங்கள் வென்றுகொண்டே போனோம். ஜனவரியில் அரையிறுதி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. கடைசி நான்கு வினாடி. இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் மூன்று புள்ளி, இறுதிப் போட்டி, அதற்குப் பிறகு சொர்க்கம். தூரம் இருபத்தேழு கஜம். பள்ளிக்கூடத்து அணியில் இருப்பவனும் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கிற தூரம். எங்கள் உதைக்காரர் எம்மெட் ஸ்லாடெக்குக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்த சீசன் முழுவதும் அந்தத் தூரத்தில் அவர் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. ஓடி வந்தார், ஊன்றிய கால் வழுக்கியது, பந்து இடது கம்பத்துக்கு வெளியே போனது.

கால் ஏன் வழுக்கியது என்பதும் ஊருக்குத் தெரியும். தரை பனியில் உறையாமல் மூடிவைக்க ஒரு தார்ப்பாய் வாங்கித் தாருங்கள் என்று மைதான ஊழியர்கள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லைமன் பாஸ்கம் தன் தொழிற்சாலையில் மிஞ்சிய மெத்தை உறைகளை ஒன்றோடொன்று தைத்து அனுப்பிவைத்தார். ஆட்டத்தன்று காலையில் ஏரிக்காற்று அவற்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பூப்போட்ட துணிகள் ஏரியில் மிதந்ததை ஆயிரம் பேர் பார்த்தார்கள். ஆனால் தார்ப்பாயைத் திட்டுவதில் என்ன சுகம் இருக்கிறது? கண்ணும் மூக்கும் உள்ள ஓர் ஆளைத் திட்டினால்தான் மனசு ஆறும்.

அப்படியாக ஸ்லாடெக் சாபம் பிறந்தது. 1991-இல் பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டோம், ஸ்லாடெக் சாபம். 1996-இல் முழங்கால் கெட்டுப்போன ஒருவரை ஊரறிய மாலை மரியாதையோடு வாங்கினோம், ஸ்லாடெக் சாபம். 2004-இல் லைமன் இறந்து ஜூனியர் பொறுப்புக்கு வந்தார். அணியிலிருந்த ஒரே நல்ல ஓட்டக்காரரை, தன் நாயைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை என்ற காரணத்துக்காக வேறு ஊருக்கு அனுப்பினார். அதுவும் சாபத்தின் கணக்கில் சேர்ந்தது. ஜூனியருக்கு அந்தச் சாபத்தின் மேல் தனிப் பிரியம். ஒவ்வொரு டிசம்பரிலும் தொலைக்காட்சியில் வந்து, 'இந்த ஊரின் நெஞ்சில் ஆறாத காயம் ஒன்று இருக்கிறது' என்று தொண்டை கம்மச் சொல்வார். மெத்தைக் கடைக்காரரின் மகன், எங்களை நன்றாகத் தூங்கவைத்தார்.

அந்த அணியில் ஆடியவர்களில் ஊரை விட்டுப் போகாதவர் எம்மெட் ஒருவர்தான். அடுத்த வசந்தத்திலேயே அணி அவரைக் கழற்றிவிட்டது. மனைவி டெல்லா இந்த ஊர்க்காரி, அவளுடைய அம்மா படுக்கையில் இருந்தார், அதனால் தங்கிவிட்டார்கள். எம்மெட் நகராட்சியின் சாலைத் துறையில் சேர்ந்து, குளிர்காலத்தில் பனி அள்ளுகிற லாரி ஓட்டினார். தெருவின் இடது பக்கத்துப் பனியை மட்டும் விட்டுவிடுவார் என்று ஊர் வருடாவருடம் அதே நகைச்சுவையைப் புதிதாகக் கண்டுபிடித்துச் சிரித்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவரும் டெல்லாவும் வெர்ன் டோமாசியின் பாரில் வறுத்த மீன் சாப்பிட வருவார்கள். உள்ளே வந்ததும் வெர்ன் கல்லாவுக்குப் பின்னாலிருந்து, "தலைவரே, கதவு ரெண்டு கம்பத்துக்கு நடுவுல இருக்கு. பாத்து வாங்க" என்பான். எம்மெட்டும் சேர்ந்து சிரிப்பார். அவர் அப்படிப்பட்ட மனிதர், யார் மேலும் கோபத்தை ரொம்ப நேரம் வைத்திருக்கத் தெரியாது.

டெல்லாவுக்குத் தெரியும். அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருந்தாள். பல் பிடுங்கி, வாயில் பஞ்சோடு வெளியே வருகிறவர்கள்கூட அந்தப் பஞ்சுக்கு நடுவே கஷ்டப்பட்டு, "ஒங்க வூட்டுக்காரர் இன்னமும் இடது பக்கம்தானா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்களாம். அப்படிக் கேட்டவர்களுக்கு அடுத்த முறை மருத்துவரின் நேரம் காலை ஏழு மணிக்குத்தான் கிடைக்கும் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஐம்பதாவது சீசன் தொடங்கும் முன்பு ஜூனியருக்கு ஒரு யோசனை உதித்தது. ஜூனியருக்கு யோசனை உதிக்கும்போதெல்லாம் ஊர் ஒரு விலை கொடுத்திருக்கிறது என்பதால் நான் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டேன். நவம்பரில் ஒரு ஆட்டத்தின் இடைவேளையில் எம்மெட்டைக் கூப்பிட்டு, அதே இடத்தில் பந்தை வைத்து, அதே உதையை மறுபடி உதைக்க வைக்க வேண்டும். ஊரின் காயம் ஆறும். புத்தகத்தின் கடைசி அத்தியாயத்துக்கு ஒரு படமும் கிடைக்கும். பரிசாக ஆயுளுக்கும் மெத்தை.

"பந்து உள்ள போகலன்னா?" என்று கேட்டேன்.

"போகலன்னாலும் நல்லதுதானே, நோரீன்" என்றார் ஜூனியர். "ஜனங்க அழுவாங்க. அழுதா டிக்கெட் விக்கும்."

எம்மெட்டிடம் போய்ச் சொல்லும் பொறுப்பும் எனக்கே வந்தது. அவர் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்கு அறுபத்தொரு வயது, இடுப்பில் ஒரு தகடு வைத்திருக்கிறது, மெத்தையும் நன்றாகவே இருக்கிறது என்றார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஜூனியர் அவருடைய பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்த வாரமே நெடுஞ்சாலையில் பெரிய விளம்பரப் பலகைகள் முளைத்தன. இருபத்தாறு வயது எம்மெட், தலையைப் பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்திருக்கும் பழைய படம். கீழே, 'மன்னிக்கத் தயாராகுங்கள்.'

எம்மெட் வரமாட்டேன் என்று சொன்னது இரண்டு நாளில் ஊருக்குத் தெரிந்தது. பயந்துவிட்டார் என்று ஊர் முடிவுசெய்தது. வெள்ளிக்கிழமை வெர்னின் பாரில் ஒருவன், பன்னிரண்டு பேருக்குக் கேட்கிற மாதிரி, தன் பாட்டியே சக்கர நாற்காலியிலிருந்து அந்தப் பந்தை உள்ளே உதைத்துவிடுவாள் என்றான். எம்மெட் வழக்கம்போலச் சிரித்தார். டெல்லா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ உதைக்கப் போற" என்றாள் அவரிடம்.

"எதுக்கு டெல்லா? எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. அதெல்லாம் எப்பவோ போயிடுச்சு."

"ஒனக்குப் போயிடுச்சு. எனக்குப் போகல. நீ சிரிச்சிட்டு லாரில ஏறிப் போயிடுற. நான்தான் உக்காந்து ஒவ்வொருத்தன் வாயையும் பாத்துக்கிட்டிருக்கேன். ஒன்ன மன்னிக்கறதுக்கு இவனுங்க யாரு? நீ உதை. உள்ள போனாலும் சரி, ஏரிக்குப் போனாலும் சரி. பலகைல போட்ட அந்தப் படத்துக்கு மேல இன்னொரு படம் வரணும். அவ்ளோதான்."

முப்பத்தைந்து வருடத்தில் அவர் மனைவி இதை ஒருமுறையும் சொன்னதில்லை என்று எம்மெட் பிறகு என்னிடம் சொன்னார். அவர் கேட்டதுமில்லையாம். தான் சிரித்தால் அவளுக்கும் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். ஆண்கள் பலர் இப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்கள், அதுவும் எப்படியோ ஓடிவிடுகிறது.

ஒரு சிக்கல் இருந்தது. உதைக்காரர் ஓடி வரும்போது பந்தைத் தரையில் செங்குத்தாக நிறுத்திப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அன்று பிடித்தவர் இப்போது அரிசோனாவில் வீடு விற்கிறார். இந்த ஊரின் பெயரைக் கேட்டதுமே தொலைபேசியை வைத்துவிட்டார். ஜூனியர், அணியின் சின்னமான பஞ்சு நங்கூரத்துக்குள் புகுந்து ஆடுகிற ஆளை அனுப்புவதாகச் சொன்னார். அந்த ஆளுக்கு நங்கூரத்துக்குள் கையே கிடையாது என்பதை யாரோ எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் டெல்லா தானே பிடிக்கிறேன் என்றாள்.

சாலைத் துறையின் உப்புக் கிடங்குக்குப் பின்னால் ஒரு புல்வெளி இருக்கிறது. அங்கேதான் உதைத்துப் பழகினார்கள். கம்பத்துக்குப் பதிலாக இரண்டு போக்குவரத்துக் கூம்புகளை லாரிகளின் மேல் வைத்திருந்தார் எம்மெட். நான் புத்தகத்துக்காகப் பார்க்கப் போனேன் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் டெல்லா பந்தை, மீன் செதில் பிடித்த கையைப் போல உடம்பிலிருந்து முடிந்த அளவு தள்ளிப் பிடித்தாள். எம்மெட் ஓடி வந்ததும் கையை இழுத்துக்கொண்டாள். பந்து படுத்துக்கொண்டது, எம்மெட்டும் படுத்துக்கொண்டார்.

"கண்ண மூடிக்கிற" என்றார் கீழே கிடந்தபடி.

"அறுபது வயசுக்காரன் பூட்ஸ் காலோட மூஞ்சிக்கு நேரா ஓடி வந்தா நீ என்ன பண்ணுவ?"

"அறுபத்தொண்ணு."

"ரொம்ப ஆறுதலா இருக்கு."

இரண்டாவது வாரம் அவளுடைய சுண்டுவிரலில் உதை விழுந்து வீங்கியது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளும் வந்தாள். மெல்ல மெல்லப் பந்து கூம்புகளுக்கு நடுவே போகத் தொடங்கியது, ஆனால் எம்மெட்டுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அந்த மாலைகளில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது பந்தை அல்ல. முழங்காலுக்குக் கீழே பழைய தரை விரிப்பைப் போட்டு மண்டியிட்டு, கம்பளித் தொப்பி கண்ணை மறைக்க, நாக்கைக் கடித்துக்கொண்டு பந்தை நிறுத்தும் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தைப் பார்த்து ஓடி வா என்று அவள் திட்டினாள். பயிற்சியெல்லாம் முடிந்து லாரியின் படியில் உட்கார்ந்து, இருவரும் ஒரே குடுவையிலிருந்து காப்பி குடிப்பார்கள். நான் கிளம்பிவிடுவேன். என் எழுத்துக்கு அங்கே வேலையில்லை.

நவம்பர் ஞாயிறு. ஆட்டத்தின் முதல் பாதி முடிந்தபோது ஆங்கர்ஸ் பதினேழு புள்ளி பின்தங்கியிருந்தது. இது பற்றி யாரும் பேசவில்லை. எல்லாரும் இடைவேளைக்குத்தான் வந்திருந்தார்கள். அறுபதாயிரம் பேர் உட்கார்ந்திருந்த மைதானத்துக்குள் எம்மெட் தன் பழைய மூன்றாம் எண் சட்டையை நகராட்சிக் கோட்டுக்கு மேல் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். பக்கத்தில் டெல்லா, தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் நீலக் கோட்டில், கையில் அந்தத் தரை விரிப்போடு. கொஞ்சம் கைதட்டல், நிறைய ஊளை. யாரோ ஒரு சக்கர நாற்காலியைக்கூடக் கொண்டுவந்து முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள்.

டெல்லா மண்டியிட்டாள். பந்தை நிறுத்தினாள். இந்த முறை கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள் என்று தொலைக்காட்சியில் பிறகு பார்த்தோம். எம்மெட் அவசரமில்லாமல் ஓடி வந்து உதைத்தார். சத்தம் சுத்தமாக இருந்தது. பந்து இரண்டு கம்பங்களுக்கும் நட்டநடுவே போய், பின்னால் இருந்த வலையில் விழுந்தது.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அறுபதாயிரம் பேருக்கும் தெரியவில்லை. ஊளையிட வந்தவர்கள், அழ வந்தவர்கள், இரண்டுக்கும் தயாராக வந்தவர்கள், எல்லாரும் விழித்தார்கள். பிறகு எங்கேயோ மேல்வரிசையில் தொடங்கிய சத்தம் இறங்கி வந்து மைதானத்தை நிரப்பியது. என் பக்கத்து நாற்காலிக்காரர், ஜென்மத்தில் சிரித்திராத ஒரு வெளியூர் நிருபர், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மினார். எம்மெட் கையைக் கொடுத்து டெல்லாவைத் தூக்கிவிட்டார். அவள் அவருடைய கோட்டில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள், வீட்டு வாசலில் நின்று தட்டுவதைப் போல.

அப்போது ஜூனியர் ஒலிபெருக்கியோடு வந்தார். அவரைத் தடுக்க அங்கே யாரும் இல்லாமல் போனது அவருடைய துரதிர்ஷ்டம்.

"சாபம் தீந்துடுச்சு!" என்று அறிவித்தார். "இன்னைக்கு இருந்து நமக்கும் வெற்றிக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல!"

ஊர் இதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டது.

இரண்டாம் பாதியில் எதிரணிக்கு இன்னும் இருபது புள்ளி விட்டுக்கொடுத்து, மூன்றே மூன்று எடுத்தோம். சாபம் கிளம்புவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்று ஊர் பெருந்தன்மையாக விட்டது. அடுத்த வாரம் தோற்றோம். அதற்கு அடுத்த வாரம், எதிரணியின் முக்கிய ஆட்டக்காரர் காய்ச்சலில் படுத்திருந்தும் தோற்றோம். வெள்ளிக்கிழமை வெர்னின் பாரில் வறுத்த மீன் தட்டிலேயே ஆறியது. எல்லாரும் எதையோ கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வெர்ன்தான் வாயைத் திறந்தான்.

"சாபம்தான் போயிடுச்சே. அப்புறம் ஏன் தோக்குறோம்?"

யாரோ ஒருவர் பயிற்சியாளர் என்றார். அவரை வேலைக்கு வைத்தது யார் என்று இன்னொருவர் கேட்டார். ஓட்டக்காரரை வெளியூருக்கு அனுப்பியது யார் என்று மூன்றாமவர் கேட்டார். மெத்தை உறையை நினைவுபடுத்தியவர் பல் மருத்துவரின் நோயாளி ஒருவர். முப்பத்தைந்து வருடமாக எம்மெட்டின் தலையில் பத்திரமாக வைத்திருந்த பாரத்தை அன்று மாலை ஊர் ஒன்று சேர்ந்து தூக்கி, மைதானத்தின் உச்சிக்கு, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது.

அடுத்த ஆட்டத்தில் யாரும் மைதானத்தைப் பார்க்கவில்லை. திரும்பி உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்து, "வித்துட்டுப் போ" என்று தாளம் போட்டார்கள். ஒரு குடும்பம் பழைய பூப்போட்ட மெத்தை உறையில் ஜூனியரின் பெயரை எழுதி விரித்துப் பிடித்தது. ஜூனியர் கண்ணாடிக்குத் திரை வாங்கிப் போட்டார். திரை எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அதற்கும் ஒரு பாட்டுக் கட்டினார்கள்.

டிசம்பர் நடுவில் அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கண்ணைச் சுற்றி வீங்கியிருந்தது. தன்னுடைய மெத்தையில் தனக்கே தூக்கம் வரவில்லை போலும். ஐம்பதாவது சீசனின் அத்தியாயத்தில் சிறிய விளக்கம் ஒன்று சேர்க்க வேண்டும் என்றார். நவம்பரில் நடந்தது சடங்குக்கான உதை மட்டுமே, எதிரணி ஓடி வரவில்லை, தரை காய்ந்திருந்தது, பந்தும் ஒரு கஜம் முன்னால் வைக்கப்பட்டிருக்கலாம், ஆகவே விதிமுறைப்படி பார்த்தால் சாபம் நீடிக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சாபத்துக்கு விதிமுறை எழுதும் முதல் மனிதர் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

எழுத மாட்டேன் என்றேன். அப்படியானால் கடைசி ஆட்டத்தன்று எம்மெட்டை இன்னொருமுறை உதைக்கச் சொல்லிக் கேட்டுப்பாருங்கள் என்றார். ஜனங்கள் அவ்வளவு ரசித்தார்களாம். இந்த முறை நிஜமான வீரர்கள் ஆறு பேர் எதிரே ஓடி வருவார்களாம். மெத்தையோடு தலையணையும் உண்டாம்.

எம்மெட்டிடம் சொன்னேன். அவர் பதில் சொல்வதற்கு முன் டெல்லா சமையலறையிலிருந்து வந்தாள்.

"ஜூனியருக்குப் பந்து வெளிய போகணும். அதானே?"

ஆமாம் என்றேன்.

"அவரையே வந்து உதைக்கச் சொல்லுங்க. நான் வேணும்னா பந்தைப் பிடிக்கிறேன்."

அதை நான் ஒரு சொல் குறையாமல் ஜூனியரிடம் சேர்த்தேன். இவ்வளவு வருடத் தொழிலில் நான் துல்லியமாக மேற்கோள் காட்டியது அதுவாகத்தான் இருக்கும்.

சீசன் மூன்று வெற்றியோடு முடிந்தது. நான் எழுதிய கடைசி அத்தியாயத்தில் 'தோல்வி' என்ற சொல் பதினான்கு இடத்தில் இருந்தது, ஒவ்வொன்றும் அதற்குரிய ஆட்டத்துக்குப் பக்கத்தில். ஜூனியர் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டார். அணிக்கடையில் இப்போது கிடைக்கும் 'ஐம்பது பொன்னான சீசன்கள்' புத்தகத்தில் நாற்பத்தொன்பது சீசன்களும், ஒரு முழுப்பக்க மெத்தை விளம்பரமும் இருக்கின்றன. இதுவரை யாரும் கடையில் புகார் செய்ததாகத் தெரியவில்லை.

எம்மெட்டை ஊர் விட்டுவிட்டது. முதலில் பாராட்டினார்கள். பிறகு அதுவும் ஓய்ந்து, கடையில் வரிசையில் நின்றாலும் யாரும் திரும்பிப் பார்க்காத ஆளானார். வெர்ன், அவர் உள்ளே வரும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் வெறும் வணக்கம் வைத்தான். டெல்லாவின் முகத்தில் பத்து வயது குறைந்தது. பல் மருத்துவமனையில் எல்லாருக்கும் பத்து மணிக்கு மேல் நேரம் கிடைக்க ஆரம்பித்தது.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. ஜூனியர் தனியாக இறங்கினார், கையில் ஒரு கேக் பெட்டி. டெல்லா கேக்கை வாங்கிக்கொண்டாள், அவரை உள்ளே விடவில்லை. கார் நிறுத்தும் கொட்டகையில் உட்காரச் சொன்னாள். எம்மெட் இரண்டு மடக்கு நாற்காலிகளை விரித்து, குளிர்பெட்டியிலிருந்து பீர் எடுத்துக் கொடுத்தார். நான் கருவிப் பலகைக்குப் பக்கத்தில், போகவும் மனமில்லாமல் நின்றிருந்தேன்.

ஜூனியர் வெகுநேரம் சுற்றி வளைத்தார். வானிலை, இடுப்புத் தகடு, லாரி எல்லாவற்றையும் விசாரித்தார். பிறகு, கண் மருத்துவரிடம் போயிருந்தபோது, கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டிருந்த நர்ஸ், அணியை எப்போது விற்கப்போகிறீர்கள் என்று கேட்டதைச் சொன்னார். பேத்தியின் பள்ளியில் அவளை 'மெத்தை' என்று கூப்பிடுகிறார்களாம். அணியை விற்க முடியாதாம், அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாராம். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் தொலைக்காட்சியில் கம்முவதுபோலக் கம்மவில்லை, சாதாரணமாகத்தான் இருந்தது. அதனால் நம்ப வேண்டியிருந்தது.

"நீங்க எப்படித் தாங்கினீங்க?" என்று கேட்டார்.

எம்மெட் யோசித்தார். கிண்டல் செய்ய அருமையான இடம் அது. நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். அவருக்கு அது தோன்றவே இல்லை. தெரிந்த வழியைக் கேட்டவருக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னார்.

"மொதல் பத்து வருஷம்தான் கொஞ்சம் கஷ்டம், ஜூனியர். அப்புறம் பழகிடும். வீட்ல இருக்கவங்ககிட்ட மட்டும் அப்பப்ப கேட்டுக்கோங்க, அவங்களுக்குப் பழகிடுச்சான்னு. நான் கேக்காம விட்டுட்டேன்."

ஜூனியர் தலையாட்டினார். பீரை முடித்தார், இன்னொன்று கேட்டார். பனி உருகி கொட்டகையின் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. டெல்லா உள்ளேயிருந்து கதவைக் கொஞ்சமாகத் திறந்து, கேக்கில் ஒரு துண்டு வெட்டிய தட்டை ஜூனியரின் பக்கம் நீட்டிவிட்டு, மறுபடி சாத்திக்கொண்டாள்.